கீபோர்டின் இடமும் வலமும்

மேடையில் வாசிக்கப்படும் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் ஒலி வெளியேற இரண்டு துளைகள் உண்டு. ஒன்றின் மேல் ‘எல்/மோனோ’ என்றும் மற்றதன் மேல் ‘ஆர்’ என்றும் அச்சிட்டிருக்கும். இரண்டிலும் ஜாக் செருகினால் இடப்பக்க ஒலி ஓர் ஒயரிலும் வலப்பக்க ஒலி இன்னோர் ஒயரிலும் போகும். அது ஸ்டீரியோ. இடத்துளையில் மட்டும் செருகினால், வலத்துளை காலியாக இருப்பதை உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் காட்டிக்கொடுக்க, கருவி இருபக்க ஒலியையும் கலந்து அந்த ஒரே ஒயரில் அனுப்பும். அது மோனோ. வலத்துளையில் மட்டும் செருகினால் பாதி ஒலிதான் வரும். பியானோ டோனில் கீழ்க்கட்டைகள் மெலிந்து கேட்கும், காரணம் தெரியாமல் மிக்ஸரில் பாஸைத் திருகிக்கொண்டிருப்பார்கள். இருட்டு மேடையில் குனிந்து, தடவிப் பார்த்து ஜாக் செருகும்போது இது நடப்பது சகஜம்.

சென்னைப் பக்கம் இத்தகைய மேடைகள் நிறைந்த ஒரு வட்டாரம் உண்டு. போரூரிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், மாங்காட்டுக்கு வண்டி திரும்பும் சந்திப்பு குமணன்சாவடி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோ வழித்தடத்தில் அதுவும் ஒரு நிலையம். ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் தொடங்கிப் பூந்தமல்லி வரை இந்தச் சாலையிலும் கிளைச் சாலைகளிலும் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வரவேற்பு, வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி. மாங்காடு காமாட்சியும் திருவேற்காடு கருமாரியும் குடிகொண்ட வட்டாரம் என்பதால் ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு திருவிழா, சாலையோரப் பந்தலில் மேடை. அதே கீபோர்டு, அதே ஆள், அதே டோன், வெள்ளிக்கிழமை ஏ.சி. மண்டபம், ஞாயிற்றுக்கிழமை தெருமுனை. ஸ்டீரியோ வேண்டுமா வேண்டாமா என்பது கருவியின் விலையைவிட, கேட்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது.

ஒலி எந்தக் காதை முதலில் எட்டுகிறது, எந்தக் காதில் உரக்க விழுகிறது என்ற இரண்டையும் வைத்தே மனிதர் திசையை அறிகிறார். இந்த வேறுபாட்டை இரண்டு ஸ்பீக்கர்களாலேயே உண்டாக்கிவிடலாம் என்று 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளும்லைன். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வரப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தமிழ்த் திரைப்பாடல்களில் ஸ்டீரியோ ஒலிப்பதிவின் தொடக்கமாகப் பேசப்படுவது 1978-இல் இளையராஜா இசையில் வந்த ‘ப்ரியா’. கேசட் காலம் அதைத் தொடர்ந்து வந்தது. டூ-இன்-ஒன் வாங்கிய வீடுகளில் புல்லாங்குழல் ஒரு பக்கமும் கிடார் மறுபக்கமும் கேட்டுப் பழகிய காதுகள் அப்படித்தான் உருவாயின. அந்தப் பாடல்களை மேடையில் வாசிக்கும்போதும் அதே அகலம் வேண்டும் என்ற ஆசை கீபோர்டு வாசிப்பவருக்கு வருவது இயல்பு.

கருவிகள் இந்த ஆசைக்கு வந்து சேர்ந்தது சற்றுத் தாமதமாக. 1983-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டுக்கு ஒலி வெளியேற ஒரே ஒரு துளைதான். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ரோலண்ட் ஜூனோ-60, உள்ளே உண்டாக்கும் ஒற்றை ஒலியைக் கோரஸ் என்ற எஃபெக்ட் வழியாக இரண்டாகப் பிரித்து இடமும் வலமும் அனுப்பியது. 1987-இன் ரோலண்ட் டி-50 கோரஸோடு ரிவெர்ப் என்ற எதிரொலி எஃபெக்ட்டையும் கருவிக்குள்ளேயே கொண்டுவந்தது. 1988-இல் கார்க் எம்1 வந்தது. அதன்பின் நினைவகம் மலிவாக ஆக, நிஜப் பியானோவை இரண்டு மைக் வைத்துப் பதிவுசெய்து, அந்த இரு பதிவுகளையும் அப்படியே கட்டைகளுக்கு அடியில் வைப்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் கருவியில் ஸ்டீரியோ என்று அச்சிட்டிருப்பதால் அதன் எல்லா டோன்களும் ஸ்டீரியோ என்று ஆகாது. புல்லாங்குழல், ஷெனாய், வீணை, சோலோ வயலின் போன்ற லீட் டோன்கள் பெரும்பாலும் ஒற்றை ஒலியே. அவற்றின் மேல் பூசப்பட்ட ரிவெர்ப் மட்டும் இருபக்கம் விரியும். நிஜமாகவே அகலம் உள்ளவை பியானோ, எலெக்ட்ரிக் பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், பேட் எனப்படும் பின்னணி ஒலிகள். திரைப்பாட்டுக் கச்சேரியில் பாடலை அடையாளம் காட்டும் இடையிசைத் துணுக்குகளை லீட் டோன்கள் சுமக்கின்றன. எனவே கைதட்டல் வாங்கித் தரும் பகுதிக்கு ஸ்டீரியோவால் பெரிய ஆதாயம் இல்லை.

ஸ்டீரியோ டோனை மோனோவாக்கினால் என்ன இழப்பு? சில டோன்களில் ஒன்றுமில்லை, சிலவற்றில் பாதி. பியானோவை எடுத்துக்கொண்டால், இரண்டு மைக்குகள் சற்றுத் தள்ளி இருப்பதால் ஒரே தந்தியின் ஒலி ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் எட்டியிருக்கும். தனித்தனி ஸ்பீக்கரில் கேட்கும்போது அந்தத் தாமதம்தான் அகலமாகத் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே ஒயரில் கலந்தால் அலைகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். தாமதம் ஒரு மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால் 500 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ், 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். ஒரு கட்டை ஸ்ருதியில் மத்திய ஸ்தாயி காகலி நிஷாதம் ஏறக்குறைய 494 ஹெர்ட்ஸ், முதல் பள்ளத்தின் விளிம்பிலேயே அது நிற்கிறது. பதிவில் இந்தத் தாமதம் ஒவ்வொரு கட்டைக்கும் வேறுபடும் என்பதால் ஒரு கட்டை மங்கி, அடுத்தது தூக்கி, இன்னொன்று தகரம்போல ஒலிக்கும். வீட்டில் ஹெட்போனில் கேட்டு மயங்கிய விலையுயர்ந்த பியானோ டோன் மேடையில் பல் போன வாய்போல ஆகிவிடுவதன் ரகசியம் இதுதான்.

கோரஸின் கதை வேறு. 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ளிஃபயரில் ஒரு ஸ்பீக்கரில் நேரடி ஒலியும் மற்றொன்றில் லேசாகத் தாமதித்து அலையும் ஒலியும் வரும். இரண்டும் காற்றில் கலப்பதே அதன் இனிமை. சில கருவிகள் அலையும் ஒலியை இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் தலைகீழாகவும் சேர்க்கின்றன. அவற்றை மோனோவாக்கினால் இரண்டும் கழிந்துபோய்க் கோரஸே காணாமல் போகும், மிஞ்சுவது வறண்ட மூல ஒலி. எலெக்ட்ரிக் பியானோவின் ஒலி இடமும் வலமும் ஊஞ்சலாடும் எஃபெக்ட்டுக்கும் அதே கதி: மோனோவில் ஆட்டம் நின்று தட்டையாகிவிடும். சுழலும் ஸ்பீக்கரைப் போலச் செய்யும் ஆர்கன் எஃபெக்ட் மட்டும் பரவாயில்லை, அதில் சுருதியும் உரப்பும் சேர்ந்தே அலைவதால் ஒரு பக்கத்தில் கேட்டாலும் சுழற்சி தெரியும்.

இவ்வளவு இழப்பு இருக்கும்போது ஸ்டீரியோவிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். மண்டபம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. மேடையின் இருபுறமும் ஸ்டாண்டில் ஸ்பீக்கர்கள், இடையே 40 அடி இடைவெளி என்று கொள்வோம். இடப்பக்க ஸ்பீக்கருக்கு நேர் எதிரே 13 அடி தள்ளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்க ஸ்பீக்கர் அவரிடமிருந்து 42 அடி. சென்னை வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,140 அடி ஓடுகிறது. ஆக வலப்பக்க ஒலி 25 மில்லி விநாடி பின்தங்கி வரும். திறந்தவெளிக் கணக்கில் 10 டெசிபல் தணிந்தும் வரும், காதுக்கு அது பாதி உரப்பு. முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்பும், ஏறக்குறைய 30 மில்லி விநாடிக்குள் பின்னால் வரும் ஒலியைத் தனியாகப் பிரித்தறியாது என்பதை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1949-இல் தன் ஆய்வேட்டில் விளக்கினார் ஹெல்முட் ஹாஸ். அதன்படி, அந்த நாற்காலிக்காரருக்குக் கச்சேரி முழுவதும் இடப்பக்கத்திலிருந்தே வருகிறது. வலப்பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கிய ஒலி அவருக்கு எங்கோ தூரத்து எதிரொலி.

நடு வரிசையில் சிலருக்கு மட்டும் ஸ்டீரியோ ஸ்டீரியோவாகக் கேட்கும். கல்யாண மண்டபத்தில் அந்த இடம் நடைபாதை. மொய்க் கவரோடு மேடைக்கு வரிசை கட்டுபவர்கள் நிற்கும் இடம். போதாக்குறைக்கு, மேடை மணமக்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் போய்விட, ஆர்கெஸ்ட்ராவை ஒரு ஓரத்தில் தனி மேடை போட்டு உட்காரவைப்பதும் உண்டு. கண்ணுக்கு எல்லோரும் ஓரத்தில், காதுக்குப் பியானோ ஹாலின் இரு கோடிகளிலும்! இந்த முரண் இசைக்கு உதவுவதில்லை.

எனவே மண்டபத்தில் ஒரு பொதுவிதி நிற்கிறது. எல்லோருக்கும் கேட்டாக வேண்டிய எதையும் ஒரு பக்கத்துக்கு முழுவதும் தள்ளக் கூடாது. குழுவில் இரண்டு கீபோர்டுகள் இருந்தால் ஒன்றை இடக்கோடியிலும் மற்றொன்றை வலக்கோடியிலும் வைத்துவிடுவதைச் சிலர் ஸ்டீரியோ என்று நினைக்கிறார்கள். லீட் வாசிப்பவர் வலப்பக்கம் போய்விட்டால் இடப்பக்க வரிசைகளுக்கு இடையிசையே இல்லாத பாட்டுதான் கிடைக்கும். லீட், பாஸ், குரல் மூன்றும் நடுவில். பியானோ, ஸ்ட்ரிங்ஸ் போன்றவற்றை மட்டும் மிக்ஸரின் பேன் குமிழில் கடிகார முள் கணக்கில் 10 மணிக்கும் 2 மணிக்கும் விரித்தால் போதும். நடுவில் இருப்பவருக்கு அகலம் கிடைக்கும், ஓரத்தில் இருப்பவருக்கு எதுவும் தொலையாது, அலைகள் ஒன்றையொன்று தின்பதும் முழு மோனோவைவிடக் குறையும். சப்-ஊஃபருக்குப் போகும் அடித்தொனி எப்படியும் மோனோவாகவே போகிறது. அந்த அதிர்வெண்களில் காதுக்குத் திசை பிடிபடுவதும் கடினம்.

சவுண்ட் சர்வீஸ்காரர்கள் மொத்த ஹாலையும் மோனோவாக ஓட்டுவது இந்த வட்டாரத்தில் அபூர்வமல்ல, ஹாலுக்கு அதுவே பொருத்தம் என்று சொல்லவும் இடமுண்டு. அப்போது கீபோர்டு வாசிப்பவர் செய்யக்கூடியது டோனைத் தேர்ந்தெடுப்பது. மேடைக் கீபோர்டுகள் பலவற்றில் மோனோ பியானோ என்றே தனி டோன் இருக்கும். சோதித்துப் பார்த்து அதை வைத்துக்கொள்வது நல்லது. அப்படி ஒன்று இல்லாவிட்டால் பழைய உபாயம் ஒன்று கைகொடுக்கும். இடத்துளையிலிருந்து மிக்ஸருக்கு ஒயர் போக, வலத்துளையில் எங்கும் இணைக்காத வெற்று ஜாக் ஒன்றைச் செருகிவிட வேண்டும். வலத்துளை நிரம்பிவிட்டது என்று கருவி ஏமாந்து, இரண்டையும் கலக்காமல் இடப்பக்க ஒலியை மட்டும் சுத்தமாக அனுப்பும். ஒரே மைக்கில் பதிவான பியானோபோல அது பள்ளமின்றி ஒலிக்கும். இடம் வலமாக மாறி மாறித் தாவும் எதிரொலி எஃபெக்ட் போட்டிருந்தால் மட்டும் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகும். அதை அணைத்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், மிக்ஸர் வரை இரண்டு ஒயர்களையும் கொண்டுபோவதே சரி. ஹாலில் விரிப்பதா குறுக்குவதா என்று மிக்ஸரில் ஒரு குமிழைத் திருகி முடிவுசெய்யலாம். மேடையிலேயே ஒற்றை ஒயராகிவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை.

அந்த இரண்டு ஒயர்களின் பாதையில்தான் மேடைத் தொல்லைகள் பெரும்பாலும் ஒளிந்திருக்கின்றன. கீபோர்டிலிருந்து வரும் கால் அங்குல ஜாக் ஒயரில், ஏறும் இரைச்சலைக் கழிக்கும் வசதி இல்லை. 15, 20 அடிக்கு மேல் இழுத்தால் சீரியல் விளக்கு, டிம்மர், ஜெனரேட்டர் என்று எதன் சத்தமும் அதில் ஏறும். ஆகவே கீபோர்டின் காலடியிலேயே டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு மாற்றுப்பெட்டியை வைத்து, அங்கிருந்து மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்ஸருக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. வழியில் இரண்டிலும் ஒரேமாதிரி ஏறும் இரைச்சலை மிக்ஸர் கழித்துத் தள்ளிவிடும். ஸ்டீரியோவுக்கு இரண்டு டி.ஐ. வேண்டும், அல்லது இரட்டை டி.ஐ. ஒன்று. கீபோர்டின் ஒலி ஏற்கெனவே வலுவானது என்பதால் மின்சாரம் தேவைப்படாத பாஸிவ் வகையே போதும். ஒன்று நல்ல கம்பெனி, மற்றொன்று கையில் கிடைத்தது என்று கலந்து வைத்தால் இடமும் வலமும் நிறம் மாறி ஒலிக்கும்.

ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போன்றவற்றில் இடம், வலம் என இரண்டு துளைகள் இருப்பதால் சிக்கல் இல்லை. யமஹா பிஎஸ்ஆர்-ஐ455 போல ஹெட்போனுக்கும் அவுட்புட்டுக்கும் சேர்த்து ஒரே துளை உள்ள கீபோர்டுகளில்தான் சங்கடம். அந்தத் துளையில் இடமும் வலமும் ஒன்றாக இருக்கின்றன: ஜாக்கின் முனையில் இடப்பக்கம், நடு வளையத்தில் வலப்பக்கம். அதிலிருந்து எக்ஸ்எல்ஆர் ஆகும் ஒற்றைக் கேபிளைப் போட்டு நேரே மிக்ஸருக்கு இழுத்தால், இரண்டு கம்பிகளிலும் வருவது ஒரே ஒலியின் நேரும் தலைகீழும் என்று நம்பி மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். இரு பக்கமும் பொதுவாக இருக்கும் ஒலி முழுவதும் கழிந்துபோகும். அதாவது புல்லாங்குழலும் வயலினும் மறைந்து, அவற்றின் ரிவெர்ப் மட்டும் குகைக்குள்ளிருந்து வருவதுபோல மிஞ்சும். கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவைக்கும் இந்தக் கோளாறுக்குத் தீர்வு, ஒரு முனையில் ஸ்டீரியோ ஜாக்கும் மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக்குகளும் உள்ள பிரிப்புக் கேபிள். அதற்குப் பிறகு வழக்கம்போல இரண்டு டி.ஐ.

இரண்டு மோனோ ஜாக்குகளை ஒரே மோனோ ஜாக்கில் இணைக்கும் கேபிளைப் போட்டு, கீபோர்டின் இரு துளைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஓர் ஒயராக்குவது வேறு சமாச்சாரம், அது கூடாது. ஒலியை வெளியே தள்ள உருவான இரண்டு மின்சுற்றுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும், ஒலி கரகரக்கும். கலக்கும் வேலையைக் கீபோர்டின் மோனோ துளையோ மிக்ஸரோ செய்யட்டும்.

ரிச்சி தெருவில் கம்பியும் முனையும் தனித்தனியாக வாங்கி, வீட்டில் சால்டரிங் செய்து ஓட்டுவது சென்னைக் கலைஞர்களின் பழைய பழக்கம், சிக்கனமானது. இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள்களில் ஒன்றில் மட்டும் இரண்டாம் முனையும் மூன்றாம் முனையும் இடம் மாறிவிட்டால், ஒரு பக்க ஒலி தலைகீழாகிவிடும். தனித்தனியே கேட்டால் இரண்டும் சரியாகவே இருக்கும். சேர்த்து ஒலித்தால் அடித்தொனி கரைந்து, ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலைக்குள் சுற்றும். கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கீழ் ஸ்தாயியில் ஒரு பாஸ் கட்டையை அழுத்திப் பிடித்து, மிக்ஸரில் இரண்டு சானல்களையும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒலி கனத்தால் கேபிள்கள் சரி. மெலிந்தால் ஒரு சானலின் போலாரிட்டி பட்டனை அழுத்திப் பார்க்கலாம்; உடனே கனம் திரும்பினால் குற்றவாளி இரண்டு கேபிள்களில் ஒன்றுதான்.

உர்ரென்ற இரைச்சல் தொடர்ந்து வந்தால் அது பெரும்பாலும் எர்த் வளையம்: மேடையும் மிக்ஸரும் வெவ்வேறு பிளக் பாயிண்டுகளிலிருந்து மின்சாரம் எடுக்க, இரண்டின் எர்த்தையும் கேபிளின் உறை இணைத்து 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றுகிறது. டி.ஐ. பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளினால் அடங்கும். பிளக்கின் எர்த் முனையை உடைத்தோ, இரண்டு முனை அடாப்டர் போட்டோ இரைச்சலை அடக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈரத் தரையில் பந்தல் மேடை, பாடுபவரின் கையில் உலோக மைக்; அந்தக் குறுக்குவழியின் விலை ஓர் உயிராக இருக்கலாம்.

மிக்ஸரில் ஸ்டீரியோ என்றால் இரட்டைச் செலவு. இரண்டு கீபோர்டுக்கு நான்கு சானல். ரிதம் பேட், தபலா, டோலக், பாஸ் கிடார், லீட் கிடார், நான்கைந்து குரல் மைக் என்று கூட்டினால் 16 சானல் மிக்ஸர் ஏறக்குறைய நிரம்பிவிடும். இந்த நெருக்கடியில் முதலில் பறிபோவது கீபோர்டின் வலப்பக்கம்தான். சானல் குறைவாக இருக்கும்போது முதல் கீபோர்டை ஸ்டீரியோவாகவும் லீட் கீபோர்டை மோனோவாகவும் எடுப்பது நியாயமான சமரசம். டிஜிட்டல் மிக்ஸரில் அடுத்தடுத்த இரண்டு சானல்களை இணைத்துவிட்டால் ஒரே ஃபேடரில் இரண்டும் நகரும். அனலாக் மிக்ஸரில் கெய்ன் குமிழ்கள் இரண்டையும் கண்ணால் அல்லாமல் மீட்டரைப் பார்த்துச் சமன்செய்ய வேண்டும். அரைச் சுற்று வித்தியாசத்தில் பியானோ ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ரிவெர்பைக் கீபோர்டிலேயே குறைத்துவிடுவதும் நல்லது. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவர்களும் கொண்ட மண்டபம் தன் பங்குக்கு வேண்டிய அளவு ரிவெர்ப் சேர்க்கும்.

ஸ்டீரியோ தன் முழுப் பயனையும் தருவது வாசிப்பவரின் காதில். காலடியில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றுதான், அதில் இடம் வலம் பேச ஒன்றுமில்லை. காதுக்குள் செருகும் இயர் மானிட்டர் வந்த பிறகு நிலைமை மாறியது. இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி போவதால், தன் பியானோவை இருபுறமும் விரித்து, பாடுபவரை நடுவில் வைத்து, ரிதமை ஒரு பக்கம் தள்ளிக் கேட்கலாம். எல்லாமே நடுவில் குவிந்து மோதும்போது தன் கருவி கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகும் கட்டாயம் அதனால் குறைகிறது, காதுக்கும் நல்லது. அதற்கு மிக்ஸரில் மானிட்டருக்கு ஒலி அனுப்பும் ஆக்ஸ் வழிகள் இரண்டு வேண்டும். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 போன்ற டிஜிட்டல் மிக்ஸர்களில் 16 கலவை வழிகள் இருப்பதால் இரண்டை ஒதுக்குவது சிரமமில்லை. நான்கு ஆக்ஸ் உள்ள சிறிய மிக்ஸரில் கீபோர்டுக்காரர் இரண்டைக் கேட்டால் பாடுபவர்கள் சண்டைக்கு வருவார்கள். அப்போது அவர் தன் பக்கத்திலேயே ஒரு குட்டி மிக்ஸர் வைத்து, கீபோர்டுகளை ஸ்டீரியோவாக அதில் வாங்கி, மெயின் மிக்ஸரிலிருந்து குரலை மட்டும் ஒரே ஒயரில் வரவழைத்துக்கொள்ளலாம்.

இரண்டு துளைகளை ஸ்டீரியோவுக்கே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கட்டைகளை இரண்டாகப் பிரித்து, இடக்கை ஸ்ட்ரிங்ஸை முழுக்க இடத்துளைக்கும், வலக்கைப் புல்லாங்குழலை முழுக்க வலத்துளைக்கும் கருவிக்குள்ளேயே பேன் செய்துவிட்டால், மிக்ஸரில் அவை இரண்டு தனி மோனோ சானல்களாக வந்து நிற்கும். இரண்டையும் நடுவில் வைத்து, எதை ஏற்றுவது எதை இறக்குவது என்பதைச் சவுண்ட் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். திரைப்பாட்டுக் கச்சேரிக்கு அகலமான பியானோவைவிட இது அதிகம் உதவும் ஏற்பாடு, ஆனால் குறைவாகவே கையாளப்படுகிறது. முன்பதிவு செய்த ட்ராக்கோடு வாசிக்கும் குழுக்கள் இதே தந்திரத்தைத்தான் செய்கின்றன. ஒரு பக்கத்தில் ட்ராக், மறுபக்கத்தில் டிரம்ஸ் வாசிப்பவரின் காதுக்கு மட்டும் போகும் கிளிக். ட்ராக் அப்போது மோனோவாகிவிடுகிறது, யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. கிளிக் தவறி ஹாலுக்குப் போனால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆடித் திருவிழா மேடையில் இந்த நுணுக்கங்களில் பாதி தேவைப்படாது. மேடை அருகே இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், தெரு நெடுக மின்கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர். குழாய்கள் எல்லாம் ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஒரே ஒயரில் வரிசையாக இணையும் மோனோ. அடித்தொனியையும் அவை தருவதில்லை, நடுத்தொனியை மட்டும் கூர்மையாக வீசும். எனவே கீபோர்டில் மோனோ டோன், ரிவெர்ப் சுழி, ஸ்ட்ரிங்ஸ் கம்மி, லீட் தூக்கல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. சவுண்ட் செக்கே எட்டு மணிக்கு முடிகிற மேடையில் ஸ்டீரியோவைச் சரிபார்க்க யாருக்கும் நேரமிருக்காது.

மண்டபத்துக் கச்சேரிக்கு இப்போது வேறொரு கூட்டமும் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டு உறவினர்களுக்காக வரவேற்பை யூடியூபில் நேரலையாக அனுப்புகிறார்கள். செல்போனில் இயர்போன் மாட்டிக் கேட்கும் அவர்களுக்குத்தான் கீபோர்டின் இடமும் வலமும் குறையாமல் போய்ச் சேரும் வாய்ப்பு இருக்கிறது. நடைமுறையில் வீடியோக்காரர் மிக்ஸரின் ஏதாவது ஒரு துளையிலிருந்து ஒற்றை ஒயரை எடுத்துக் கேமராவில் செருகிவிட, கச்சேரி முழுவதும் ஒரு காதில் மட்டும் ஒலிப்பதும், அதுவும் ஹாலின் இடப்பக்கம் மட்டுமாக இருப்பதும் நடக்கிறது. மெயின் வெளியீடுகள் ஹால் ஸ்பீக்கர்களுக்குப் போய்விடுவதால், ரெக்கார்டிங் வெளியீட்டிலிருந்து இரண்டு ஒயர்களாக எடுத்துத் தருவது சரியான முறை. டிஜிட்டல் மிக்ஸரில் நேரலைக்கென்று ஒரு ஸ்டீரியோ வழியைத் தனியே ஒதுக்கி, அதில் பியானோவையும் ஸ்ட்ரிங்ஸையும் இருகோடிக்கும் விரித்துவிடலாம், ஹாலுக்குப் போவது குறுகலாகவே இருக்கட்டும். கேமராவின் மைக் துளைக்கு மிக்ஸரின் ஒலி மிக அதிகம் என்பதால், செருகுவதற்கு முன் கேமராவில் உள்ளீட்டை ‘லைன்’ என்று மாற்றிவிட்டு, முதல் பாட்டு முடிவதற்குள் இரண்டு மீட்டர்களும் ஆடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.